தோலும் எழுத்தும்



அண்மையில் பழம்பொருட் கண்காட்சி ஒன்றுக்காக எழுதப்பட்ட ஒரு குறிப்பு, தமிழாக்கம் பெறுவதற்காக என் மேசைக்கு வந்து சேர்ந்தது. அரைப் பக்கந்தான். ஆனால் அந்த அரைப் பக்கத்தில் 'பார்ச்மெண்டு' என்னும் சொல் நான்கிடங்களில் வந்தது. ஆட்டுத்தோலையோ கன்றுத்தோலையோ எழுதுவதற்கு ஏற்ற தாளாக ஆக்கி, மேல்நாட்டார் பல நூற்றாண்டுகள் கையாண்டு வந்தனர், அத்தோல்தாளுக்குத்தான் அப்பெயர். எனக்கு முன்னர் எவரோ செய்து வைத்திருந்த முதற்படியில் நான்கிடத்திலும் 'பதனிட்ட தோல்' என்று இருந்தது. படிக்கும்போது உறுத்தவில்லை. கையொப்பமிட்டு மேலே அனுப்பிவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். அப்பொழுது, முப்பது ஆண்டுகளுக்கு முன் கேட்ட ஒரு வாக்கியம் நினைவுக்கு வந்து கையைத் தடுத்துவிட்டது.

கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீப்ஸ் பகுதியில், சுரங்கத் தொழிலாளர்களுக்கென்று வரிசை வரிசையாகக் கட்டப்பட்ட லைன் வீடுகளில் ஒன்றிலே நான் வளர்ந்தவன். எங்கள் வரிசையின் கடைசி வீட்டில், சுரங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் இருந்தார். ஊரார் அனைவருக்கும் அவர் தாத்தா. பறையும் பம்பையும் கட்டுவதில் கைதேர்ந்தவர். பச்சைத் தோலைச் சுண்ணாம்பு நீரில் சில நாள் ஊறப்போடுவார். மயிர் தளர்ந்ததும் எடுத்து வழிப்பார். பின்பு விறைப்பாக இழுத்து, சுற்றிலும் முளையடித்துக் கட்டி, ஒட்டியிருக்கும் சவ்வையும் கொழுப்பையும் வளைந்த கத்தியால் சுரண்டுவார். சுரண்டச் சுரண்டத் தோல் வெளுத்து, வெயிலில் பிடித்தால் மறுபுறம் நிற்பவரின் நிழல் தெரியுமளவுக்கு மெலிந்துவிடும். வாணியம்பாடியில் எங்கள் உறவினர் ஒருவர் தோல் மண்டியில் வேலை பார்த்தவர். அங்கே நான் கண்ட செந்நிறத் தோலை மனத்தில் கொண்டு, 'தாத்தா, இதை ஏன் பதம் போடவில்லை?' என்று ஒருநாள் கேட்டேன். அவர் கத்தியை நிறுத்தாமலே சொன்னார்: 'பதம் போட்டா தோல் செத்துப் போகும் தம்பி. செத்த தோல் பேசாது.'

பதனிட்ட தோலுக்கும் பார்ச்மெண்டுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் தொழில், ஆவாரம்பட்டை போன்றவற்றின் துவர்ப்புச் சாற்றைத் தோலின் நாருக்குள் ஏற்றி, அதை அழுகாத பொருளாக மாற்றும் தொழிலாகும். அவ்வாறு மாறிய தோல் நனைந்தாலும் கெடாது; செருப்பாகும், பையாகும், குதிரைச் சேணமாகும். பார்ச்மெண்டுக்கு அந்தத் துவர்ப்புச் சாறு படுவதே இல்லை. சுண்ணாம்பில் ஊறிய ஈரத்தோலைச் சட்டத்தில் நாற்புறமும் இழுத்துக் கட்டி, அந்த இழுவையிலேயே காயவிடுகிறார்கள். தாறுமாறாகப் பின்னிக் கிடக்கும் நார்கள் இழுவையால் ஒரே தளத்தில் படிந்து, காய்ந்தபின் அப்படியே நின்றுவிடுகின்றன. ஐரோப்பியக் கைவினைஞர், தோலின் ஓரங்களில் சிறு கூழாங்கற்களைப் பொதிந்து, அவற்றைச் சுற்றிக் கயிறு கட்டிச் சட்டத்தின் முளைகளில் முறுக்குவர். பிறைவடிவக் கத்தியால் சுரண்டுவர். இறுதியில் நுரைக்கல்லால் தேய்த்து, சுண்ணப்பொடி தூவி, மை பரவாதபடி பக்குவம் செய்வர். கூழாங்கல்லையும் நுரைக்கல்லையும் நீக்கிவிட்டால், எங்கள் தாத்தா செய்ததும் அதுவேதான். வடிவத்தில் பிறை போன்ற அந்தக் கத்திகூட!

ஆகையால், அந்த முதற்படியில் இருந்த 'பதனிட்ட தோல்' என்பது குறைபாடான மொழிபெயர்ப்பு என்றுகூடச் சொல்லமுடியாது; உண்மைக்கு நேர்மாறானது. அதை அடித்துவிட்டேன். ஆனால் அடித்த இடத்தில் எந்தச் சொல்லை எழுதுவது? அதைத் தேடும்போதுதான் ஒரு பெரிய கேள்வி எழுந்தது. இவ்வளவு நேர்த்தியாகத் தோலை ஆக்கத் தெரிந்த நாட்டில், அதன்மேல் எழுத ஏன் ஒருவரும் முன்வரவில்லை? நேயர்களுடன் இன்று நான் பகிர்ந்துகொள்ள விரும்புவது இதனைத்தான்.

முதலில் மேல்நாட்டுக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தோலில் எழுதும் வழக்கம் மிகப் பழையது. பண்டைக் காலத்து அயோனியக் கிரேக்கர் புத்தகங்களைத் 'தோல்கள்' என்றே வழங்கி வந்ததாக எரோடோட்டசு எழுதுகிறார். ஆயினும், சின்ன ஆசியாவிலுள்ள பெர்கமம் நகரத்தோடு இப்பொருளின் பெயர் ஒட்டிக்கொண்டது. பெர்கமத்தை ஆண்ட யூமனீசு மன்னனுடைய நூலகம் தன் அலெக்சாந்திரிய நூலகத்தை விஞ்சிவிடுமோ என்று அஞ்சிய எகிப்து மன்னன், பாப்பிரசுத் தாளின் ஏற்றுமதியைத் தடுத்துவிட்டானாம். அதனால் பெர்கமத்தார் தோலை நாடினராம். இது பிளினி தரும் கதை. தோலெழுத்து அதற்கு முன்னரே இருந்தது என்பது உறுதியாதலால், இதைப் புனைவு கலந்த கதையாகவே கொள்ள வேண்டும். எனினும், பெர்கமத்தின் பெயரே திரிந்து திரிந்து 'பார்ச்மெண்டு' ஆயிற்று.

பாப்பிரசுத் தாளை மடித்தால் நாளடைவில் முறியும். தோலை மடிக்கலாம், தைக்கலாம், இருபுறமும் எழுதலாம். சுருளாக இருந்த நூல், நாம் இன்று கையில் பிடிக்கும் ஏடு புரட்டும் புத்தகமாக நிலைபெற்றதில் தோலுக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் விலை! 716ஆம் ஆண்டுக்கு முன்னர் இங்கிலாந்தின் வடபகுதி மடம் ஒன்றில் எழுதி முடிக்கப்பட்டு, இப்போது இத்தாலியின் பிளாரன்சு நகரில் உள்ள ஒரு விவிலியப் பிரதி ஏறக்குறைய 34 கிலோ எடையுள்ளது. அதற்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட கன்றுகளின் தோல் செலவாகியிருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். கூட்டன்பர்க் 1455ஆம் ஆண்டையொட்டி அச்சிட்ட விவிலியத்தின் பிரதிகளில் பெரும்பாலானவை காகிதத்தில் அமைந்தவை. ஒரு பகுதி மட்டும் தோலில் அச்சாயிற்று. அப்படி ஒரு பிரதிக்கே ஏறத்தாழ 170 தோல்கள் தேவைப்பட்டன. தோல் அருமையாக இருந்தமையால் பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு மேலே புதிதாக எழுதுவதும் உண்டு. கணித மேதை ஆர்க்கிமிடீசின் நூல்கள் எழுதப்பட்டிருந்த பத்தாம் நூற்றாண்டுத் தோலேடு ஒன்றைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் அழித்து, அதன்மேல் வழிபாட்டு நூல் ஒன்றை எழுதிவிட்டார்கள். அடியில் மறைந்து கிடந்த எழுத்தை அண்மைக் காலத்துக் கருவிகள் மீட்டுத் தந்திருக்கின்றன. நம் ஓலையில் இந்த வித்தை நடவாது. எழுத்தாணி கீறிய கீறல் கீறலே. அதைச் சுரண்டினால் ஓலையே போய்விடும்.

நூல்களைக் காட்டிலும் பத்திரங்களுக்கே தோல் நெடுங்காலம் பயன்பட்டது. நில உரிமை, அரசாணை, பட்டயம், உடன்படிக்கை யாவும் தோலில் அமைந்தன. ஒரே தோலில் ஓர் ஒப்பந்தத்தை இருமுறை எழுதி, நடுவே வாள்பல் போல நெளிநெளியாக வெட்டி, இரு தரப்பாரும் ஆளுக்கொரு பாதியை வைத்துக்கொள்வார்கள். வழக்கு வந்தால் இரண்டு பற்களையும் பொருத்திப் பார்ப்பார்கள். அந்தப் பல்வெட்டுக் காரணமாக அப்பத்திரத்துக்கு 'இண்டெஞ்சர்' என்று பெயர் ஏற்பட்டது. பிஜித் தீவுக்கும் நேட்டாலுக்கும் மொரீசுக்கும் கப்பலேறிய நம் முன்னோரை 'இண்டெஞ்சர்டு' கூலிகள் என்று ஏடுகள் குறிக்கின்றனவே, அந்தச் சொல் இதுதான். அவர்களுடைய ஒப்பந்தங்கள் அச்சிட்ட காகிதத்தில் இருந்தன. ஆனால் பெயரில் தோலின் பல்வெட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. வெளியூரிலே பிழைக்க வந்த நமக்கு இச்சொல்லின் வரலாறு சற்று அருகிலேயே இருக்கிறது என்பதற்காக இதனைக் கூறினேன்.

இன்னொன்றும் உண்டு. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்களின் மூலப்படிகளை 1849ஆம் ஆண்டையொட்டி, கையால் எழுதுவதை விட்டுவிட்டு, கன்றுத்தோல் தாளில் அச்சிடத் தொடங்கினார்கள். 2010களின் நடுப்பகுதி வரை அவ்வழக்கம் நீடித்தது. ஆதலால் 1858இல் கும்பெனியாரிடமிருந்து இந்தியாவை முடியரசின் கைக்கு மாற்றிய சட்டமும் தோலில் இருக்கிறது. 1947 சூலை 18ஆம் நாள் அரச ஒப்புதல் பெற்ற இந்திய விடுதலைச் சட்டமும் தோலில் இருக்கிறது. பசுவைப் போற்றும் நாட்டின் விடுதலைக்கான சட்டம் ஒரு கன்றின் தோலில் பொறிக்கப்பட்டது என்பதைப் பற்றி அக்காலத்தில் எவரேனும் கவலைப்பட்டார்களா என்பது நான் படித்தவற்றில் இல்லை. அனேகமாக ஒருவருக்கும் தெரிந்திராது.

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

இந்தியாவில் தோலெழுத்து அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ரோமாபுரிச் சக்கரவர்த்தி அகசுட்டசிடம் இந்தியாவிலிருந்து ஒரு தூது சென்றது. வழிநெடுகப் பலர் மாண்டுபோக, எஞ்சிய மூவரை அந்தியோக்கியா நகரத்தருகே தமாசுகசு நகரத்து நிக்கொலாசு என்பவர் சந்தித்தார். அறுநூறு அரசர்க்கு அரசன் அனுப்பிய திருமுகம் ஒன்றை அவர்கள் கொண்டு சென்றனர். அது கிரேக்க மொழியில், தோலில் எழுதப்பட்டிருந்தது. இச்செய்தியைப் பாதுகாத்துத் தந்த ஸ்டிராபோ, அந்த அரசனின் பெயரைப் போரஸ் என்கிறார். தம் நூலின் மற்றோரிடத்தில், அகசுட்டசுக்குத் தூதும் காணிக்கையும் அனுப்பிய இந்திய அரசன் பாண்டியன் என்றும், வேறு சிலர் கூற்றுப்படி போரஸ் என்றும் எழுதுகிறார். தமிழ் வேந்தன் ஒருவன் தோலில் எழுதிக் கிரேக்கத்தில் மடல் விடுத்தான் என்று மார்தட்டிக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. ஆயினும் இந்த ஊசலாட்டத்தின்மேல் அவ்வளவு பெரிய மாளிகையைக் கட்டலாகாது. பெறுகின்றவர்க்குப் பழகிய மொழியில், பழகிய பொருளில் எழுதி அனுப்பினார்கள் என்பது மட்டும் தெளிவு.

சுபந்து இயற்றிய வாசவதத்தை என்னும் வடமொழி உரைநடைக் காவியத்தில், இருண்ட வானத்தை மையிட்ட தோலாகவும், நிலவைச் சுண்ணக்கட்டியாகவும், விண்மீன்களை அத்தோலில் இட்ட சுன்னங்களாகவும் கற்பனை செய்யும் ஓரிடம் உண்டு. 1901இல், சீன நாட்டின் மேற்கிலுள்ள பாலைவனத்தில், நியா என்னுமிடத்தில் மணல் மூடிய வீடுகளை அகழ்ந்த ஆரல் ஸ்டைன், கரோட்டி எழுத்தில் பிராகிருத மொழியில் எழுதிய தோல் ஓலைகள் ஏறக்குறைய இருபத்து நான்கைக் கண்டெடுத்தார். இந்திய எழுத்து, இந்திய மொழி. எழுதிய பொருள் மட்டும் தோல். ஆனால் எழுதப்பட்ட இடம் இந்தியா அன்று.

இந்திய எழுத்தியலை ஆராய்ந்த ஜெர்மானியப் பேரறிஞர் பியூலர் இதற்குக் கூறிய காரணம் தீட்டு. இறந்த விலங்கின் தோல் தூய்மையற்றது; ஆதலின் அதில் புனித எழுத்தைப் பொறிக்க இந்தியர் விரும்பியிரார் என்பது அவர் கருத்து. பலரும் இதனை அப்படியே ஒப்புக்கொண்டு மேலே சென்றுவிடுகிறார்கள். எனக்கு அது முழு விடையாகத் தோன்றவில்லை.

முதற்கண், பனை இருக்கிறது. வேலியோரத்தில் நிற்கும் மரம். ஓலையை வெட்டி, வேகவைத்து, உலர்த்தி, மெருகிட்டால் ஏடு ஆயத்தம். ஐந்நூறு கன்றுகளைத் தேடவேண்டியதில்லை. கையில் பனை இருக்கும்போது எவன் ஆட்டைத் தேடுவான்? அடுத்தபடி நம் தட்பவெப்பம். பதனிடாத தோல் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். குடித்தால் நெகிழ்ந்து அலையலையாக வளையும். காய்ந்தால் சுருங்கி முறுக்கேறும். ஐரோப்பாவின் பழைய தோல் புத்தகங்களுக்குக் கனத்த மரப்பலகை அட்டையும், வாயைப் பூட்ட உலோகக் கொக்கியும் இருப்பது அழகுக்காக அன்று. ஏடுகள் வளைந்து புத்தகம் தானாகத் திறந்துகொள்ளாமல் அமுக்கி வைப்பதற்காக. பறையடிப்போர் ஆட்டம் தொடங்குமுன் வைக்கோலைக் கொளுத்தி, அந்த அனலில் பறையைக் காட்டி, விரலால் தட்டித் தட்டிப் பார்ப்பதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். ஈரம் குடித்துத் தளர்ந்த தோலை மீண்டும் விறைக்கச் செய்யும் வேலை அது. கொக்கியும் வைக்கோல் தீயும் ஒரே நோய்க்கு இரு நாட்டு மருந்துகள். ஐப்பசி மழையில் நம் ஊர்களில் ஒரு தோல் நூலகத்தைக் கட்டிக்காப்பது எவ்வளவு பாடு என்பதை எண்ணிப் பாருங்கள். பூஞ்சணம் முதலில் வரும். எலி பின்னே வரும்.

இவ்விரண்டும் நல்ல காரணங்களே. தோலில் எழுதியிருந்தால் செல்லரித்துப் போன சங்க நூல்கள் பல பிழைத்திருக்கும் என்று ஏங்குகிற நண்பர்கள் எனக்கு உண்டு. நான் அவர்களோடு உடன்படுவதில்லை. தோலில் எழுதியிருந்தால் அரண்மனையிலும் பெருங்கோயிலிலும் மட்டும் சில பிரதிகள் இருந்திருக்கும். பனையோலையில் எழுதியதால் வைத்தியர் வீட்டிலும், சோதிடர் வீட்டிலும், கிராமத்துக் கணக்கர் வீட்டிலும் ஏடு இருந்தது.

ஆனால் தீட்டு என்னும் காரணத்தை எடுத்துக்கொண்டால், அது ஒரு சுற்று சுற்றி வேறிடத்தில் கொண்டுபோய் விடுகிறது. தோல் தீட்டென்றால், கருவறைக்கு முன் தவில் முழங்குவது எப்படி? மிருதங்கம் கச்சேரி மேடையில் நடுநாயகமாக அமர்வது எப்படி? முனிவர் மான்தோலில் அமர்ந்து ஓதியது எப்படி? கோலார் மாவட்டத்தை ஒட்டிய ஊர்களில் நடக்கும் தோற்பாவைக் கூத்தைப் பார்த்தவர்களுக்கு இன்னொரு செய்தி புரியும். அந்தப் பாவைகள், ஒளி ஊடுருவும்படி சுரண்டி மெலிதாக்கிய ஆட்டுத்தோலில் வரைந்து வண்ணமிட்ட உருவங்கள். இராமனும் சீதையும் அனுமனும் அத்தோலில்தான் விளக்கொளியில் உலவுகிறார்கள். பார்ச்மெண்டுக்கு இதனினும் நெருங்கிய பொருள் இந்தியாவில் கிடையாது. ஆகவே, தோலில் இறைவனை வரையலாம். தோலைத் தட்டி இறைவனை எழுப்பலாம். தோலில் எழுத்தை மட்டும் பொறிக்கவில்லை!

கொச்சியில் 1568இல் கட்டப்பட்ட யூதர் வழிபாட்டுக் கூடத்தில் இம்முரண்பாட்டின் மறுபக்கத்தைக் காணலாம். அங்கே அவர்களுடைய திருச்சட்டம் தோற்சுருள்களில் எழுதப்பெற்று, திரைக்குப் பின்னே, யாவற்றினும் உயர்ந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அதே சமூகத்தாருக்குச் சேர மன்னன் பாஸ்கர ரவி வர்மன் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வழங்கிய உரிமைப் பட்டயமோ, வட்டெழுத்தில் செப்பேட்டில் இருக்கிறது. கடவுள் வாக்குக்குத் தோல், அரசன் வாக்குக்குச் செம்பு. இரண்டும் ஒரே சமூகத்தின் கையில். நம் அரசர்கள் செம்பைத் தாண்டிப் பொன்னிலும் எழுதினார்கள். 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கர், டென்மார்க் மன்னருக்குத் தமிழில் பொன்னோலை அனுப்பினார். தரங்கம்பாடியில் டேனியர் கால் ஊன்றிய காலம் அது. தங்கவயலில் பிறந்தவன் என்பதால் இந்தப் பொன்னோலைமேல் எனக்குத் தனிப்பட்ட ஒரு பிரியம் உண்டு, வேறொன்றுமில்லை.

அப்படியானால் தீட்டு எங்கே இருந்தது? தோலில் இருந்ததாகச் சொல்லப்பட்டாலும், உண்மையில் அது தோலைத் தொட்ட கையின்மேல் சுமத்தப்பட்டது என்பதே என் முடிவு. தவில் கோயிலுக்குள் சென்றது. தவிலுக்குத் தோல் ஆக்கித் தந்தவன் வாயிலுக்கு வெளியே நின்றான். ஐரோப்பிய மடங்களிலும் நகரங்களிலும் தோல் ஆக்குபவனும் அதில் எழுதுபவனும் அடுத்தடுத்த அறைகளில், அல்லது அடுத்தடுத்த தெருக்களில் இருந்தார்கள். 'இன்னும் சற்று மெல்லியதாகச் சுரண்டு. மை பரவுகிறது' என்று இவன் சொன்னால் அவன் திருத்திக்கொள்வான். அந்தப் பேச்சிலிருந்துதான் நல்ல எழுதுதோல் பிறந்தது. நம் ஊர்களில் ஏடு எழுதியவனும் தோல் ஆக்கியவனும் இருந்த தெருக்களுக்கு நடுவே ஒரு வயல்வெளி இருந்தது. அந்த வயலைக் கடந்து இப்பேச்சு நடைபெறவே இல்லை. பனையும் மழையும் இருந்திராவிட்டாலும் அது நடந்திருக்குமா என்பது ஐயமே.

எனினும், வயலுக்கு அப்பால் இருந்தவர்கள் எழுத்தே அறியாதவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அயோத்திதாசப் பண்டிதர் தம் குடும்பச் செய்தி ஒன்றை எழுதியிருக்கிறார். அவருடைய பாட்டனார் கந்தப்பன் என்பவர் ஆரிங்டன் என்னும் வெள்ளைக்கார அதிகாரியிடம் பட்லராக வேலை பார்த்தவர். தம் வீட்டில் பாதுகாத்து வைத்திருந்த திருக்குறள், நாலடி நானூறு ஏட்டுப் பிரதிகளை அவர் அந்த அதிகாரியிடம் கொடுத்தார். அவை தமிழ்ப் புலமை மிக்க எல்லிஸ் துரையிடம் சென்று சேர்ந்தன. ஒதுக்கப்பட்ட தெருவிலிருந்து குறளின் ஏடு புறப்பட்ட கதை இது.

அந்த அயோத்திதாசர் 1907இல் சென்னை இராயப்பேட்டையில் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். அது பிறகு 'தமிழன்' ஆயிற்று. அதற்கு உயிரூட்டிய ஊர்களில் எங்கள் தங்கவயல் முதன்மையானது. அதன் காரணத்தைச் சொல்ல வேண்டும். 1880இல் ஜான் டெய்லர் கும்பெனியார் சுரங்கம் தோண்டத் தொடங்கியது முதல், வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் மாவட்டங்களிலிருந்து தமிழ் மக்கள் திரளாக வந்தார்கள். அவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட வகுப்பினர். பூமிக்கடியில் வேலை கொடியது. பாறை வெடிப்பில் மாண்டவர் பலர். கல்தூசு நுரையீரலை அரித்தது. ஆனால் கூலி காசாகக் கிடைத்தது. ஊர்க்கட்டுப்பாடு இல்லை, பரம்பரைப் பண்ணை இல்லை, இன்ன தொழிலைத்தான் செய்யவேண்டும் என்று கட்டளையிடும் மணியக்காரர் இல்லை. நாலணா மிஞ்சினால் ஒரு பத்திரிகை வாங்கலாம். சங்கு ஊதி வேலை முடிந்தபின் ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் சுற்றியிருந்து கேட்கலாம். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்சிலும் பௌத்த சங்கங்கள் தோன்றின. 1914இல் அயோத்திதாசர் மறைந்தபின் நின்றுபோன 'தமிழன்' இதழை, 1926இல் தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளியிடலாயினர், பண்டிதர் ஜி. அப்பாதுரையார் அதன் ஆசிரியர். அயோத்திதாசரின் நூல்களைச் சித்தார்த்தா புத்தகசாலை இங்கிருந்துதான் அச்சிட்டுப் பரப்பியது. மாதா கோயிலுக்கும் வேதக் கோயிலுக்கும் செல்வோரும் இங்கு மிகுதி. அவர்களுடைய தமிழ் வேதாகமத்தில், பவுல் தம் சீடருக்கு எழுதிய கடிதம் ஒன்றில், எடுத்து வரச் சொல்லும் பொருள்களுக்கு நடுவே 'தோற்சுருள்' என்று ஒரு சொல் வருகிறது. சொல் தேடி நான் அலைந்ததற்கு விடை, என் சிறுவயதில் அடுத்த வீட்டு மாமி மாலைதோறும் உரக்கப் படித்த புத்தகத்திலேயே இருந்தது என்பதைப் பிற்பாடுதான் உணர்ந்தேன்.

அந்நாளில் எழுத்தறிந்தவன் என்று காட்டிக்கொள்வது அங்கே வெறும் பெருமைக்காக அல்ல. 1930இல், தொழிலாளர் ஒவ்வொருவரும் விரல் ரேகை பதிந்து பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற கட்டளை பிறந்தது. தங்கவயல் தொழிலாளர் அதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். மையைத் தடவி விரலை உருட்டுவது குற்றவாளிகளுக்குச் செய்வது என்று அவர்கள் கருதினார்கள். தோலில் எழுதவிடாமல் ஒதுக்கப்பட்ட மக்கள், தங்கள் விரல் தோலையே கையெழுத்தாகக் கொள்ள வந்தவர்களை மறுத்து நின்றார்கள்.

இனி எங்கள் தாத்தாவிடம் வருகிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலம். பறைக்கு வளையம் கூட்டிக்கொண்டிருந்தவர், என்னைக் கூப்பிட்டு, உள்ளேயிருந்து ஒரு பழைய கட்டுப் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார். அவர் தகப்பனார் வாங்கிச் சேர்த்த 'தமிழன்' இதழ்கள். ஒன்றாகத் தைத்து அட்டையிட்டிருந்தது. தாள் பழுத்து, ஓரமெல்லாம் உதிர்ந்துகொண்டிருந்தது. ஆனால் முதுகு மட்டும் உறுதியாக இருந்தது. கையில் வாங்கித் தடவிப் பார்த்தேன். பறைக்கு வெட்டியதுபோக மிஞ்சிய தோல்துண்டு ஒன்றை அளவாக நறுக்கி, பறைக்குத் தோல் ஒட்டும் அதே புளியங்கொட்டைப் பசையால் புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருந்தார். ஐரோப்பாவில் நூற்கட்டுக்கும் இத்தோலையே பயன்படுத்துவார்கள் என்பது எனக்கு அன்று தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்க முடியாது. அந்தத் தோலின்மேல், மங்கிய நீல மையில், இதழின் பெயரையும் ஆண்டையும் எழுதியிருந்தார். எழுத்து சற்றுச் சாய்ந்திருந்தது. மை எங்கும் பரவவில்லை.

2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே தாத்தா காலமானார். புத்தகம் அவர் பேரனிடம் இருக்கிறது. பெங்களூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் அவர், சென்ற மழைக்காலத்தில் என்னுடன் தொலைபேசியில் பேசியபோது, அலமாரியில் அந்தப் புத்தகம் வாய் பிளந்து நிற்கிறது, ஏன் என்று தெரியவில்லை என்றார். முதுகுத்தோல் ஈரம் குடித்திருக்கும், இரு பலகைகளுக்கு நடுவே வைத்துக் கயிற்றால் கட்டுங்கள், அடுப்பருகே மட்டும் கொண்டுபோகாதீர்கள் என்று சொன்னேன்.

அலுவலகக் குறிப்பில் நான்கிடத்திலும் 'தோற்சுருள்' என்று எழுத இயலவில்லை. கண்காட்சியில் வைத்திருந்தது சுருளன்று, விரித்த ஏடு. ஆகவே 'எழுதுதோல்' என்று எழுதி, 'பதனிடப்படாதது' என்று பக்கத்திலேயே ஒரு சொல் சேர்த்து அனுப்பினேன். திருத்தம் ஏதுமின்றி அச்சாகி வந்தது.